மைதானத்துச் சிரிப்பு யார் பக்கம்?

நகைச்சுவையை ஓய்வுநேரப் பண்டமாகக் கருதி ஒதுக்கிவிடும் வழக்கம் நம் விமரிசகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதிலும் விளையாட்டு ரசிகர்களின் கேலிப்பேச்சென்றால், அது இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியதன்று என்பது பலருடைய தீர்ப்பு. அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பதுளை நகரத்துத் தேநீர்க் கடைகளிலும், பசறை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களின் லயங்களிலும் உதைபந்தாட்டத்தைப் பற்றி இளைஞர்கள் புனைந்து பரிமாறும் எள்ளற் செய்திகள் இன்று நம்மிடையே உயிரோடிருக்கும் அங்கதமாகும். “எதிரணியினர் கோல் அடிக்கப் படும் சிரமத்தைக் கண்டு மனமிரங்கிய கழகம், தன் கோல் காப்பாளரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது” என்று ஒருவன் செய்தி வாசிப்பவனின் குரலில் கூறுகிறான், கூட்டம் சிரிக்கிறது. இச்சிரிப்பின் பொருள் யாது? அது யார் பக்கம் நிற்கிறது? இவையே நம்முன் உள்ள கேள்விகள்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் களங்கள் என்றார் தொல்காப்பியர். அங்கதத்தையும் அவர் இரண்டாகப் பகுத்தார்: வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் ஒன்று; பழியை மறைத்துக் கூறும் பழிகரப்பு மற்றொன்று. எள்ளற் செய்தி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இங்கே பழியை மறைக்கும் போர்வை, பத்திரிகையின் கம்பீரமான குரலே. அக்குரலை இப்படி அச்சொட்டாகப் பாவனை செய்ய வல்லவன் அதன் பொய்ம்மையையும் அறிந்தவன். ஆதலால், சிரிக்கும் ரசிகன் ஆட்டத்தை மட்டுமன்று, செய்தி உருவாகும் விதத்தையும் விமரிசிக்கிறான்.

இவ்வகை எழுத்து நேற்று முளைத்ததன்று. 1882 ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியரிடம் இங்கிலாந்து தோற்றபோது, ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ இதழ் ஆங்கிலக் கிரிக்கெட்டுக்கு மரண அறிவித்தலொன்றை வெளியிட்டது. உடல் தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் செல்லப்படும் என்பது அதன் சாரம். குடியேற்ற நாட்டாரிடம் தோற்கவே மாட்டோம் என்றிருந்த ஆதிக்கச் செருக்கை அது குத்தியது. இன்றும் அவ்விரு நாடுகளும் ‘சாம்பலுக்காக’ ஆடுகின்றன. கேலி வரலாறாகிவிட்டது!

உதைபந்தாட்டத்தில் இதனினும் கூர்மையான உதாரணமுண்டு. 2009 சனவரியில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளேடு, எதிர்காலத்தில் பிரகாசிக்கவிருக்கும் ஐம்பது வீரர்களின் பட்டியலை வெளியிட்டது. முப்பதாம் இடத்தில் இருந்தவன் மசால் புக்துவ் என்னும் பதினாறு வயது மால்டோவியச் சிறுவன். ஆர்சனல் கழகம் அவனை நாடுவதாகவும் எழுதப்பட்டிருந்தது. அப்படியொரு சிறுவன் உலகிலேயே இல்லை! குறும்பர் புனைந்துவிட்ட பெயர் அது. ஐரிஷ் மொழியில் ‘எனது சிறிய கறுப்புக் கழுதை’ என்று பொருள்படும் தொடரின் ஒலியைத் தழுவியது. பாட்ரிக் ஓ கொனேர் எழுதிய சிறுகதையின் தலைப்பும் அதுவே. சோம்பேறிக் கழுதையொன்றை வாய்ச்சாமர்த்தியத்தால் ஒருவன் தலையில் கட்டிவிடும் கதை அது. வீரர்களைச் சரக்காக்கி விலை பேசும் சந்தையையும், விசாரியாமலே அச்சந்தைக்குப் பறையடிக்கும் பத்திரிகையையும் ஒரு கழுதையின் பெயரால் அம்பலப்படுத்திய இச்செயலை வெறும் குறும்பு என்று யார் தள்ளிவிட முடியும்?

அதிகாரம் தானே நகைப்புக்கிடமாகும்போது, அங்கதத்துக்கும் செய்திக்கும் இடையிலுள்ள வரப்பு அழிந்துவிடுகிறது. 2015 மே மாத இறுதியில் ஊழல் வழக்கில் ‘ஃபிஃபா’ அதிகாரிகள் சூரிச் நகரில் கைதாயினர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் துணைத்தலைவர் ஜாக் வார்னர், தமக்கு ஆதரவாக ஒரு செய்தியைக் காட்டினார். அமெரிக்காவில் உடனடியாக உலகக் கிண்ணப் போட்டி நடைபெறும் என்ற அச்செய்தி, ‘தி ஆனியன்’ என்னும் கேலி ஏடு புனைந்தது! சாதாரண ரசிகன் கண்டு சிரித்ததை, அந்த ஆட்டத்தையே ஆண்டவர் மெய்யென்று நம்பினார். மடன் எவரிடம் குடியிருந்தது என்பதை வாசகரே அறிவர்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 சனவரி 21 ஆம் திகதி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது. அவ்வேளையில் உலகத் தரவரிசையில் நமது அணி இருநூறாம் இடத்துக்கும் கீழே கிடந்தது. “தடை நீடிக்கும்வரை நம்மை எவராலும் தோற்கடிக்க முடியாது” என்றான் என் மாணவன் ஒருவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த ஒரு வாக்கியத்தில், நிர்வாகக் கதிரைகளுக்காக நடந்த இழுபறியும், அதற்கு விலை கொடுத்த வீரர்களின் துயரமும் அடங்கியிருந்தன. பழிகரப்புக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பாடநூலில் தேட வேண்டியதில்லை.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதே இளைஞர்களின் கேலியில், தோற்ற அணியைக் ‘கொழுந்து பறிக்கப் போகச் சொல்லும்’ வாசகம் அடிக்கடி தலைகாட்டுகிறது. மோசமாக ஆடுபவன் வாயில் தோட்டத்து மக்களின் பேச்சு வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல், நகைச்சுவை முகமூடி அணிந்து மைதானத்துக்குள் நுழைந்துவிடுகிறது. நகரத்துப் பிள்ளைகள் மட்டுமன்று, லயத்தில் பிறந்த பிள்ளைகளும் இதற்குச் சிரிக்கின்றனர்! தன் தாயின் கூடையைக் கேலிசெய்யும் சிரிப்பில் பிள்ளையே பங்குகொள்வது, ஒடுக்குமுறை அடையும் முழுமையான வெற்றியன்றோ? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இவர்கள். எஞ்சியோருக்கான உரிமைச் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் வந்தது. சட்டம் மாறிய பின்னரும் சிரிப்பு மாறவில்லை.

“நகைச்சுவைக்கும் வர்க்கம் உண்டா? சிரித்துவிட்டுப் போங்களேன்!” என்பார் சிலர். உண்டு என்பதே நமது விடை. ‘டைம்ஸ்’ ஏட்டைக் கழுதையால் ஏய்த்த சிரிப்பு மேல்நோக்கிப் பாய்கிறது. கூடையைக் கேலிசெய்யும் சிரிப்போ கீழ்நோக்கி மிதிக்கிறது. முன்னது மறைந்திருந்த உண்மையை வெளிக்கொணர்கிறது. பின்னது ஏற்கெனவே நிலவும் பொய்யைப் பாதுகாக்கிறது. உருவம் ஒன்றே, உள்ளடக்கம் வேறு. உருவத்தின் சாதுரியத்தை மட்டும் மெச்சி உள்ளடக்கத்தைக் கேளாது விடுவது விமரிசனமாகாது.

நல்ல மரபு நம்மிடம் இல்லாமலில்லை. சி. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ 1960களிலிருந்து ஈழத்துத் தமிழருக்குத் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கக் கற்பித்தது. அதன் சவாரித்தம்பர் நம் போலிப் பெருமைகளையே குத்தினார். கங்காணியையும் துரையையும் எள்ளிய பாடல்களைத் தோட்டத்து மக்கள் தேயிலை மலைகளிலே பாடியிருக்கின்றனர். பிரட்டுக்களத்தில் வாய் திறக்க முடியாதவர்கள், பாட்டிலே வாய் திறந்தனர்.

அந்த மரபின் தொடர்ச்சியை என் வகுப்பில் கண்டேன். விளையாட்டுச் செய்தியொன்று எழுதுமாறு கேட்டபோது, தோட்டத்துச் சிறுமியொருத்தி இவ்வாறு எழுதினாள்: “மைதானம் இல்லாமையால் மலைச்சரிவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், பந்து உருண்டு கீழ்ப்பிரிவுத் தோட்டத்தைச் சென்றடைந்தது. அரைமணி நேரத்தில் பந்து திரும்பி வந்தது. மைதானம் தருவதாகச் சொல்லிச் சென்றவர் இன்னும் திரும்பி வரவில்லை.”

இதில் வசையில்லை; அழுகையுமில்லை. ஆனால் குற்றவாளி யாரென்பதில் ஐயமும் இல்லை. ஆசிரிய நண்பர்கள் பிள்ளைகளின் கேலியை அடக்க முயல வேண்டாம். அதன் குறி எங்கே என்று கேட்கப் பழக்குங்கள். கேட்கத் தெரிந்த பிள்ளை, தன் தாயின் கூடையைப் பார்த்து இனிச் சிரிக்கமாட்டாது.