கப்பலேறிய பெயர்களும் கரையேறாத பெயர்களும்

நியூசிலாந்தில் வாழும் ஐரோப்பிய வம்சாவளியினர் பலருக்கு, பூட்டன் எந்தக் கப்பலில் வந்தார், இங்கிலாந்தின் எந்தக் கிராமத்தை விட்டு வந்தார் என்று தேடுவது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. கல்விப்புல வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இந்தத் தேடலை இளக்காரமாகவே பார்த்தார்கள். தேடுகிறவர்களோ, ஆவணத்தில் பெயர் கிடைத்துவிட்டால் வரலாறே கிடைத்துவிட்டது என்று நம்பினார்கள். இரண்டு பார்வைகளும் பாதி உண்மைதான். இந்தத் தேடல் முறைக்குப் பெரிய வலிமை உண்டு. அந்த வலிமை பிறக்கிற இடத்திலேயே அதன் குறையும் பிறக்கிறது. 1870களில் நியூசிலாந்துக்குப் போன ஆங்கிலேய விவசாயக் கூலிகளை முன்வைத்து இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பத்தாண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. 1870இல் குடியேற்ற நாட்டின் நிதிப் பொறுப்பிலிருந்த ஜூலியஸ் வோகல், இலண்டனில் பெருங்கடன் வாங்கி ரயில் பாதைகளும் சாலைகளும் அமைப்பது, அந்த வேலைக்கும் நிலத்துக்கும் ஆட்களை அரசுச் செலவில் வரவழைப்பது என்றொரு திட்டம் போட்டார். 1873இன் இறுதியில் பயணம் முற்றிலும் இலவசமானது. 1874ஆம் ஆண்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் அரசு உதவியுடன் வந்து இறங்கினார்கள். 1871க்கும் 1881க்கும் இடையில் பூர்வகுடிகளான மாவோரிகள் அல்லாதோரின் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது.

அதே சமயத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறம் கொதித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு 12 ஷில்லிங் அளவிலேயே கூலி வாங்கிவந்த வாரிக்‌ஷயர் உழவுத் தொழிலாளர்கள், 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் ஜோசப் ஆர்ச் தலைமையில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். சில மாதங்களில் அது தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்தது. பண்ணைக்காரர்கள் கதவடைப்புச் செய்தபோது, உறுப்பினர்களைக் கடல் கடந்து அனுப்புவதும் சங்கத்தின் போராட்ட உத்திகளில் ஒன்றானது. ஒரு கரையில் ஆள் தேவை, மறு கரையில் வாழ வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கப்பலேறியவர்களைத்தான் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தேடுகிறார்கள்.

தேடும் வழி வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடக் கடினமானது. பிரிட்டனை விட்டுப் புறப்பட்ட பயணிகளின் பட்டியல்கள் 1890க்குப் பிந்தையவைதான் பெருமளவில் எஞ்சியிருக்கின்றன. நியூசிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு நிரப்பிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. எஞ்சுவது, அரசு உதவி பெற்று வந்தவர்களின் கப்பல் பட்டியல். அரசு பணம் கொடுத்ததால் அரசு கணக்கு வைத்தது. கையிலிருந்து கட்டணம் செலுத்தி வந்த சீமானைவிட, இலவசமாக வந்த கூலியாளைப் பற்றியே ஏடு கூடுதலாகச் சொல்கிறது: பெயர், வயது, தொழில், இங்கிலாந்தின் எந்த மாவட்டம். ஆனால் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பெயர் இராது.

அந்த இடைவெளியை நிரப்புவது நியூசிலாந்தின் இறப்புச் சான்றிதழ். 1876 முதல் அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள், எங்கே எந்த வயதில் யாரை மணந்தார், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் வயது ஆகியவை கேட்டு எழுதப்பட்டன. அதே காலத்து இங்கிலாந்துச் சான்றிதழில் வயது வந்தவர்களின் பெற்றோர் பெயரைக்கூடக் காண முடியாது. பிறந்த ஊர் தெரிந்ததும், 1871 ஏப்ரலில் இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைத் திறக்கலாம். புறப்படுவதற்கு முன் அந்தக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்த கடைசிக் காட்சி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அங்கிருந்து 1837இல் தொடங்கிய குடிமைப் பதிவுகளுக்கும், அதற்கும் முந்தைய தேவாலய ஞானஸ்நான ஏடுகளுக்கும் போகலாம்.

இந்தச் சங்கிலி சரியாகக் கோக்கப்படும்போது கிடைப்பது பெயர்ப் பட்டியலைவிடப் பெரியது. கப்பல் பட்டியலில் "ஆக்ஸ்போர்டுஷயர், பண்ணைத் தொழிலாளி" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊர் ஆஸ்காட்-அண்டர்-விச்வுட் என்று தெரிந்த கணத்தில் அந்த வரிக்கு உயிர் வந்துவிடுகிறது. 1873 மே மாதம் அந்த ஊரில், சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை இழந்த ஆண்களுக்குப் பதிலாக வெளியாட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஊர்ப் பெண்கள் அவர்களைத் தடுத்தார்கள். பாதிரிமார்களான இரண்டு நீதிபதிகள் 16 பெண்களுக்கு ஏழு நாள், பத்து நாள் எனக் கடுங்காவல் விதித்தார்கள். கைக்குழந்தையோடு சிறை சென்ற தாய்மாரும் அவர்களில் உண்டு. அதன் பிறகு அந்தப் பகுதியின் குடும்பங்கள் பல நியூசிலாந்துக்குக் கப்பலேறின. கப்பல் ஏட்டின் "பண்ணைத் தொழிலாளி" இப்போது அவமானத்தையும் கோபத்தையும் சுமந்து ஊரை விட்ட மனிதராகத் தெரிகிறார். வறுமை தள்ளியது, வளம் இழுத்தது என்று பொதுவாகச் சொல்லும் குடியேற்றக் கோட்பாடு எதுவும் இந்த நுணுக்கத்தைத் தராது.

இன்னொரு வலிமையும் உண்டு. இங்கிலாந்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வாளர்கள், தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு குடும்பங்களை மீட்டுருவாக்கும் முறையைப் பெரிதும் வளர்த்தவர்கள். ஆனால் அந்த முறை ஒரே ஊரில் தங்கியவர்களை மட்டுமே முழுமையாகக் காண்கிறது. ஊரை விட்டவர் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார். குடும்ப வரலாறு தேடுவோர் பின்தொடர்வதோ அப்படி நழுவியவர்களைத்தான். இந்த வகையில் இவர்களுடைய உழைப்பு தொழில்முறை ஆய்வின் குருட்டுப் புள்ளியை நிரப்புகிறது. இதை நன்கு உணர்ந்த வரலாற்றாசிரியர் ரோலோ அர்னால்டு. 1981இல் வெளியான 'த ஃபார்தஸ்ட் பிராமிஸ்டு லேண்டு' என்ற நூலில் அவர் 1870களின் குடியேறிகளை ஊர் ஊராக, பெயர் பெயராக அவர்கள் புறப்பட்ட கிராமங்களோடு இணைத்துக் காட்டினார். ஆங்கிலேயக் கிராமத்தின் போராட்டமும் நியூசிலாந்தின் குடியேற்றமும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்பதை அந்த நூலுக்குப் பின் யாரும் மறுக்க முடியாது. குடும்பத் தேடலின் கருவிகளை வரலாற்றாசிரியர் கையில் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இனி குறைகள். முதலாவது, ஆவணங்கள் தத்தம் நோக்கத்துக்காக எழுதப்பட்டவை என்பதை மறப்பது. இலவசப் பயணத்துக்குப் பண்ணை வேலை தெரிந்தவர்களும் வீட்டு வேலைக்குப் போகும் மணமாகாத பெண்களும் வேண்டும் என்று அரசு கேட்டது. ஆகவே பலர் அரசு கேட்டபடியே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். முதியவர் வயதைக் குறைத்தார். கிராமத்துத் தச்சரும் நகரத்து எடுபிடியும் உழவுத் தொழிலாளி ஆனார்கள். இறப்புச் சான்றிதழின் விவரங்களைக் கொடுத்தவர் இறந்தவர் அல்லர். பாட்டியின் தகப்பன் பெயரை மகனோ மருமகனோ நினைவிலிருந்து சொன்னது அது. இதை மனத்தில் வைக்காமல், மூன்று ஏடுகளில் மூன்று வயது வந்தால் ஆள் வேறு என்று முடிவுகட்டுவதும், பெயர் ஒத்துப்போனால் ஆள் ஒன்றுதான் என்று நம்புவதும் அடிக்கடி நடக்கின்றன. ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒரே மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இணையத்தில் ஒருவர் போட்ட தவறான வம்ச மரத்தைப் பிறர் சரிபார்க்காமல் நகல் எடுக்கிறார்கள். பிறகு அந்த நகல்களின் எண்ணிக்கையே சான்றாகிவிடுகிறது.

குடியேறிகளின் கடிதங்களிலும் இதே ஆபத்து உண்டு. சங்கத்தின் பத்திரிகை வெளியிட்ட கடிதங்களில் இறைச்சி மலிவு, எசமானுக்குத் தொப்பியைத் தொட்டு வணங்க வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சி ததும்பும். அது பொய் இல்லை. ஆனால் குடியேற்றத்தை ஊக்குவித்த ஒரு பத்திரிகை தேர்ந்தெடுத்து அச்சிட்ட கடிதங்கள் அவை. வேலை கிடைக்காமல் வாடியவருக்கு எழுதத் தெரிந்திருந்தாலும், அவர் கடிதம் முன்பக்கத்துக்கு வந்திருக்காது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இந்தத் தேடல் இன்று உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து பின்னோக்கி நடக்கிறது. ஆகவே வாரிசு விட்டுச் சென்றவர்கள்தான் அதன் கண்ணில் படுவார்கள். 1874 நவம்பரில் ஆக்லாந்து நோக்கிச் சென்ற காஸ்பாட்ரிக் என்ற குடியேற்றக் கப்பல் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே தீப்பிடித்து எரிந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூவர், மூவரும் கப்பல் பணியாளர்கள். ஆஸ்காட்டுக்குப் பக்கத்து ஊரான ஷிப்டன்-அண்டர்-விச்வுட்டிலிருந்து புறப்பட்ட ஒரே உறவுக் குடும்பத்தின் 17 பேர் அதில் மாண்டார்கள். அந்த ஊர்ப் பொதுவெளியில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. நியூசிலாந்தின் எந்த வம்ச மரத்திலும் நேர்வழி முன்னோராக அவர்கள் வர வழியில்லை. பயணத்தில் இறந்த குழந்தைகள், மணமாகாமல் முகாம்களில் வேலை செய்தே மறைந்த ஆண்கள், சில ஆண்டுகளில் ஊர் திரும்பியவர்கள், 1880களின் நீண்ட பொருளாதார மந்தத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டவர்கள் ஆகியோரும் இப்படித்தான் விடுபடுகிறார்கள்.

விளைவு என்ன? குடும்ப வரலாறுகளைச் சேர்த்துப் படித்தால் குடியேற்றமே ஒரு வெற்றிக் கதையாகத் தோன்றுகிறது. 1882ஆம் ஆண்டு நிலவரப்படி நியூசிலாந்தின் நில உரிமையாளர் அனைவரையும் நிலத்தின் மதிப்போடு பட்டியலிட்ட அரசு வெளியீடு ஒன்று இருக்கிறது. பூட்டன் பெயரை அதில் கண்ட கொள்ளுப்பேரன் பெருமைப்படுவது இயல்பு. கூலியாக வந்தவர் பத்தாண்டுக்குள் நிலக்காரர் ஆனது சிறிய சாதனை அன்று. ஆனால் அந்த நூலில் இல்லாதவர்களைப் பற்றி அந்த நூல் பேசாது.

பெண்களும் இப்படி விடுபடுகிறவர்கள்தான். மணமானதும் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுவதால் தாய்வழித் தேடல் பல குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு நியூசிலாந்தில் நல்ல மாற்று உண்டு. 1893இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பெரிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 24,000 பெண்கள் தம் கையால் இட்ட கையெழுத்தும் வசிப்பிடமும் அதில் உள்ளன. அதே ஆண்டு முதல் வாக்காளர் பட்டியல்களிலும் பெண்கள் வருகிறார்கள். கணவன் பெயரின் பின்னால் மறைந்த ஒரு கூலிக்காரப் பெண்ணை அவளுடைய சொந்த அரசியல் விருப்பத்தோடு சந்திக்கும் இடம் அது. பாட்டனின் கப்பலை மட்டும் தேடுகிறவர் அந்த இடத்துக்குப் போவதில்லை.

மூன்றாவது குறையை நான் எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதுகிறேன். கப்பல், கிராமம், திருமணம் என்று எல்லாம் தேடும் ஒருவர், பூட்டன் வாங்கிய நிலம் அதற்கு முன் யாருடையது என்று கேட்பதில்லை. 1863இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, அரசை எதிர்த்த மாவோரிகளின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. தரனாக்கிப் பகுதியில் மட்டும் 1865இல் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இப்படிப் பறிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள்தான் 1870களின் பிற்பகுதியில் ஸ்ட்ராட்போர்டு போன்ற நகரங்கள் எழுந்தன. பறிமுதல் நிலத்தில் அமைதி வழியில் எதிர்ப்புக் காட்டிய பாரிஹாகா கிராமத்துக்குள் 1881 நவம்பர் 5 அன்று ஆயுதம் தாங்கிய படை நுழைந்தது. ஒரு கிராமத்தில் அநீதிக்கு ஆளாகி ஓடிவந்தவர், இன்னொருவர் மீது இழைக்கப்பட்ட அநீதியின் பலனைத் தன் உழைப்பால் வாங்கியிருக்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் உண்மை. முதல் பாதியை மட்டும் எழுதும் குடும்ப வரலாறு, எழுதியவரின் எண்ணம் எவ்வளவு நல்லதாயினும், பாதி வரலாறுதான்.

மாவோரிகளின் வம்சாவளி மரபான 'ஃபகபாபா' இங்கே ஒரு பாடம் தருகிறது. அந்த மரபில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது தன் மலையையும் ஆற்றையும் முன்னோரின் படகையும் சொல்லித் தொடங்குகிறார். முன்னோர் வரிசையிலிருந்து மண்ணைப் பிரித்துச் சொல்லும் வழக்கமே அங்கு இல்லை. பெயர், தேதி, சான்றிதழ் என்று நகரும் ஆங்கிலேய முறையில் இல்லாதது இந்த மண்தான். அதைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அரசியல் அறிஞர் ரிச்சர்ட் ஷா 2021இல் வெளியிட்ட 'த ஃபர்காட்டன் கோஸ்ட்' என்ற நூல் சான்று. அவருடைய பூட்டன் ஆங்கிலேயர் அல்லர், அயர்லாந்துக்காரர். பாரிஹாகாவுக்குள் நுழைந்த படையில் அவர் இருந்ததையும், பறிமுதல் நிலத்தில் குடும்பம் பண்ணை வைத்ததையும் ஷா மறைக்காமல் எழுதினார். பூட்டனை அவர் வெறுக்கவில்லை, முழுமையாக அறிந்தார்.

ஆகவே இந்தத் தேடலைக் கைவிடச் சொல்வது என் நோக்கமன்று. ஏழைகளின் பெயரைக் காப்பாற்றியதற்காகவே அது மதிக்கப்பட வேண்டிய வேலை. பின்னோக்கி நடப்பதோடு நில்லாமல் அது பக்கவாட்டிலும் நடக்க வேண்டும்: ஒரே கப்பலில் வந்த அத்தனை பேரையும், ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு வந்து சேராதவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலடி மண்ணுக்குள்ளும் இறங்க வேண்டும். பறிமுதல் பகுதி என்றால் இழப்பீட்டு நீதிமன்றத்தின் பதிவுகள், பிற பகுதி என்றால் 1865 முதல் நடந்த பூர்வகுடி நில நீதிமன்றத்தின் குறிப்பேடுகள் இருக்கின்றன; நிலத்துக்கு உரிமை கோரி மாவோரிகள் தம் முன்னோர் வரிசையை வாய்மொழியாகச் சொன்னது அந்தக் குறிப்பேடுகளில் பதிவாகியிருக்கிறது. கப்பல் பட்டியலைத் தேடிச் செல்கிறவர்கள் அந்த ஏடுகளையும் திறந்து படித்த பிறகே, தம் குடும்ப வரலாற்றை எழுதி முடித்ததாகச் சொல்ல வேண்டும்.