தாராளம் யாருக்கு?

தமிழ் படித்தவன், சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறேன். 1991-க்குப் பின் ‘தாராளமயம்’ என்கிறோம். யாருடையதை, யாருக்குத் தாராளமாய்த் தருவது? தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் ஆடுமாடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய காடு ஆயிரம் ஏக்கருக்கு மேல். வருவாய்த்துறைச் சொல்லாடலில் அது மேய்க்கால் புறம்போக்கு. பட்டா இல்லை, ஆகவே இழந்தவரும் இல்லை! அங்கே சிப்காட் வந்தது. 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனம் மிஷெலின் அரசோடு ஒப்பந்தமிட்டது. ‘வேலை வரும்’னாங்க. அப்போ மேய்ச்சல் வேலையில்லையா? முதலீடு புள்ளிவிவரத்தில் ஏறும். விற்றுத் தீர்த்த ஆடு எந்தப் பத்தியிலும் ஏறாது. 2012-இல் ஊர்ச் சங்கமும் பிற அமைப்புகளும் பிரான்ஸ் வரை புகார் கொண்டுபோக வேண்டியிருந்தது. கவிதையை மட்டுமே கட்டுடைக்கும் நண்பர்களே, கொஞ்சம் கிராமக் கணக்கையும் வாசியுங்கள். ‘புறம்போக்கு’ என்ற ஒற்றைச்சொல் அங்கே ஒரு ஊரையே அழித்தெழுதுகிறது.