தேய்ந்த தட்டும் திவசமும்

தந்தையார் மறைந்து ஓராண்டு நிறையப் பதினைந்து நாள்கள் இருந்தன. ஊரப்பாக்கத்து வீட்டில் உறவினர் கூடினர். துக்கம் விசாரிக்க அன்று, திவசம் பேச! தம் உடலுக்கு எந்தச் சடங்கும் கூடாதெனக் கைப்பட எழுதிவைத்துச் சென்றவருக்குத் திவசமா என்று கேட்டேன். பெரிய மாமா எழுந்தார். பரணிலிருந்து இறக்கியிருந்த மரப்பெட்டியைத் திறந்தார். ஒரு தட்டை உருவி என்முன் நீட்டினார். கே.பி. சுந்தராம்பாள் பாடிய 'ஔவையார்' படப்பாட்டு.

"பார்த்தாயா மாப்பிள்ளை! தேய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. உன் அப்பா வெளியிலேதான் நாத்திகர், உள்ளுக்குள்ளே பக்தர். இதைவிடவா சான்று வேண்டும்?"

சான்று என்று வந்துவிட்டது. விசாரணையில்லாமல் தீர்ப்பு உண்டா? பெட்டி முழுவதையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பதினைந்து நாள்களும் கேட்டேன். அந்த விசாரணையில் நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தந்தையார் தாம்பரத்து இரயில்வே பணிமனையில் பொருத்துநர். சம்பளம் வந்த மறுநாள் மின்சார இரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் கிளறுவார். 1985-இல் அந்த அங்காடி தீக்கிரையானதும் அவர் சேர்ப்பதும் நின்றது. ஆகவே பெட்டியில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை பிறர் கேட்டுக் கைவிட்டவை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டுகளே மிகுதி. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. பக்கத்துக்கொரு புது ஊசி. நெடுநேரம் ஓடும் வினைல் தட்டுகள் சில அடியில் இருந்தன.

மூன்று நிமிடம்! அந்தச் சிறைக்குள் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி அடைபட்டதை எண்ணிப் பாருங்கள். மணிக்கணக்கில் தோடியை விரித்தவர் அவர். ஆயினும் தட்டில் அவசரம் இல்லை. முதல் மூச்சிலேயே இராகத்தின் முகம் தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு சுரத்தில் நின்று, நமக்கு நேரமிருப்பதுபோலவே நம்மை நம்பவைக்கிறார். கோயில் வீதியில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியவர் என்று ஒதுக்கப்பட்ட நாயனக்காரர் கூட்டத்திலிருந்து வந்து, கிராப்பு வைத்து, கோட்டும் காலணியும் அணிந்து, நானும் மேடைக் கலைஞனே என்று நிமிர்ந்தவரல்லவா அவர்? 1956-இல் மறைந்தார். தேநீர்க் கடையில் கையேந்தி நின்ற கூலியாளும் அவர் தோடியைக் கேட்டான் என்றால், அதைச் செய்தது இந்த அரக்குத் தட்டு. சபையின் வாயிலில் சீட்டுக் கேட்டவர்கள் உண்டு; சாதி கேட்டவர்களும் உண்டு. ஊசி எதையும் கேட்கவில்லை.

ஆனால் தட்டைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டைப் படியுங்கள். பாடியவர் பெயர் உண்டு, கம்பெனியின் சின்னம் உண்டு. பழைய நாடகப் பாட்டுத் தட்டுகள் பலவற்றில் பாட்டெழுதியவர் பெயர் மட்டும் இல்லை. மதுரை பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிக் குவித்த காலத்துத் தட்டுகள் அவை. எழுதியவனை மறப்பது ஒரு வகை. அவன் எழுத்தையே உடைமையாக்குவது மற்றொரு வகை. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பரிடம் வந்து, பின்னர் 1949-இல் அரசின் கைக்குப் போய்ப் பொதுவான வரலாறு தமிழருக்குத் தெரியும். அதற்கு முன் எழுந்த 'நாம் இருவர்' படத்துக்காக (1947) டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டு இப்பெட்டியில் இருக்கிறது. குரல் அருமை. ஒருவர் கைப்பொருளாய் இருந்த பாட்டில் விடுதலையைக் கேட்பது விந்தையாய் இருந்தது.

'பராசக்தி' வசனத் தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் வயதொத்தவர்களுக்கு அது மனப்பாடம்.

வேறொரு தட்டில்தான் தந்தையாரோடு எனக்கு வழக்கு. வீணை தனம்மாள் 1930-களில் வாசித்த பதிவு, கீறலில்லாமல், உறை கலையாமல் இருந்தது. ஏன்? தெலுங்குக் கீர்த்தனை என்று அவர் ஒதுக்கியிருக்க வேண்டும். தமிழிசை வேண்டும் என்ற முழக்கத்தின் நியாயம் எனக்கும் உடன்பாடே. ஆனால் இசையையே குலத்தொழிலாய்க் காத்தும் இழிசொல் சுமந்த பெண்களின் வழிவந்த தனம்மாளைக் கேளாமல் ஒதுக்கியது என்ன நியாயம்? நான்கு முறை கேட்டேன். மெல்லிய ஒலி, கிளாம்பாக்கம் பேருந்துகளின் இரைச்சல் அடங்கிய பின்னிரவில்தான் முழுதாய்க் கேட்டது.

இனி மாமாவின் சான்று. 'ஔவையார்' 1953-இல் வெளிவந்த படம். ஒலிபெருக்கியில்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய குரல் சுந்தராம்பாளுடையது. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெள்ளுடை உடுத்தித் தனித்து வாழ்ந்தவர், துணையின்றி ஊர் ஊராய் நடந்த கிழவியாய்ப் பாடுகிறார். ஒரு சொல்லும் சிதையவில்லை. மெய்யெழுத்துக்கூடத் தனியே காதில் விழுகிறது. தட்டின் வெளுப்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முழுதும் தேயவில்லை, குரல் உச்சிக்கு ஏறும் இடத்தில்தான் சாம்பல் வளையம். உரத்த இடம் விரைவில் தேயும் என்பது உண்மைதான். ஆயினும் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் அவர் மீண்டும் மீண்டும் வைத்ததை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். "எப்படி ஏறுகிறாள் பார்!" என்பார். கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆண்டு நிறைவு நாள் வந்தது. மாமாவும் வந்தார். அதே அளவு தேய்ந்த இன்னொரு தட்டை அவர் கையில் கொடுத்தேன். நாகூர் அனிபா பாடிய இசுலாமியப் பாட்டு.

"மாமா, தேய்வுதான் சான்றென்றால் அப்பாவுக்குத் திவசமா, பாத்திஹாவா? நீங்களே சொல்லுங்கள்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, அந்த அம்மா பாட்டைப் போடு" என்றார்.

போட்டேன். புரோகிதர் வரவில்லை. பாட்டு முடிந்து ஊசி நடுவட்டத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து எடுக்கவில்லை. தட்டுகளைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று தங்கை சொன்னாள். கொடுக்கலாம் என்றேன். "இதைத் தவிர" என்றார் மாமா, சுந்தராம்பாளின் தட்டை உறைக்குள் இட்டபடி.