ஹனோவர் காற்றும் ஸ்பானியக் குரலும்

ஹனோவரில் வாழும் நமக்கு ராக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்கார்பியன்ஸ்தான். ருடால்ஃப் ஷெங்கர் 1965இல் தொடங்கிய இந்தக் குழு, ஜெர்மன் மொழியை விட்டு ஆங்கிலத்தில் பாடியது. அதனால் உலக மேடைகள் கிடைத்தன. வரிகளில் மண்வாசனை குறைந்தது.

1989 ஆகஸ்டில் மாஸ்கோ இசைவிழாவில் கண்டதை வைத்து குழுவின் பாடகர் கிளவுஸ் மைனே எழுதிய 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' இதற்குச் சரியான சான்று. ஸ்பானியத்திலும் ரஷ்யத்திலும்கூட அதைப் பாடிப் பதிவு செய்தார்கள். எவரும் சேர்ந்து பாடக்கூடிய வரிகள். எவருடைய தனிக்குரலும் அல்ல. அழுத்தமான கதை பாட்டுக்கு வெளியேதான் இருந்தது. 1982இல் வந்த 'பிளாக்அவுட்' ஆல்பத்துக்கு முன் மைனேயின் குரலே போய்விட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் தேறி வரும்வரை குழு காத்திருந்தது. மனவுறுதியைப் பற்றி அவர்கள் எழுதிய எந்தப் பாட்டையும்விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்பானிய மொழி ராக் நடந்த பாதை வேறு. 1982இல் பிரிட்டனுடன் நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரின்போது அர்ஜென்டினா வானொலியில் ஆங்கிலப் பாட்டுக்குத் தடை விழுந்தது. அந்த வெற்றிடத்தில் உள்ளூர்க் குழுக்கள் வீடுதோறும் ஒலித்தன. ராணுவ ஆட்சி முடிகிற 1983இல் அர்ஜென்டினப் பாடகர் சார்லி கார்சியா, காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி 'லோஸ் தினோசௌரியோஸ்' பாடினார். அந்தப் பாட்டின் வலியை ஈழத்தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிலியின் லோஸ் பிரிசியோனெரோஸ் குழு இன்னும் கூர்மையானது. சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சிக்காலத்தில், 1986இல், குழுவின் ஹோர்ஹே கொன்சாலெஸ் எழுதிய 'எல் பாய்லே தே லோஸ் கே சோப்ரான்' பள்ளிப் படிப்பு முடித்தும் வழியற்றுத் தெருவில் நிற்கும் ஏழைப் பையன்களின் பாட்டு. புரட்சி, விடுதலை என்ற பெரிய சொற்களை அது நம்பியிருக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து நிற்கும் ஒருவன் தன் கசப்பைச் சொல்கிறான், அவ்வளவுதான்.

பாடலுக்குத் தரம் பார்க்க நான் கையாளும் உரைகல் காலம். 2019இல் சிலி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அதே பாட்டைத்தான் தெருவில் பாடினார்கள். ஒரு சொல்லையும் மாற்றத் தேவைப்படவில்லை. 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த பிறகு, 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாட்டில் மாஸ்கோவைப் பாடும் தொடக்க வரிகளை மைனே உக்ரைனுக்காக மாற்றிப் பாடினார். அது நேர்மையான செயல். ஆனாலும் அந்த உரைகல்லில் ஹனோவர் பாட்டு தேறவில்லை என்றே சொல்வேன்.

பிறமொழிக்காரர் கேட்கமாட்டார்கள் என்ற பயம்தான் குழுக்களை ஆங்கிலத்துக்குத் துரத்துகிறது என்றால், அதற்கு மறுப்பும் ஜெர்மனியிலேயே இருக்கிறது. ஸ்பெயினின் சரகோசாவிலிருந்து வந்த ஏரோஸ் தெல் சிலென்சியோ குழுவின் 'என்த்ரே தோஸ் தியேராஸ்' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மன் தரவரிசையிலேயே இடம்பிடித்தது. அதை வாங்கிய இளைஞர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் தெரிந்திருக்காது. பாடகர் என்ரிகே பூன்பூரி அவர்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறவுமில்லை.