பட்டியல் மதிப்பீடு ஆகாது

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் குறித்து நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் பல எழுதப்பட்டுள்ளன. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் அவற்றின் தொடக்கத்தில் 'முன்னாய்வுகள்' என்னும் தலைப்பின்கீழ் வரும் பக்கங்கள் பெரும்பாலும் நமக்கு மனநிறைவு தருவதில்லை. ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளிவந்த ஆண்டு, 'பயனுள்ள நூல்' என்றொரு பாராட்டு. அடுத்த பத்தியில் அடுத்த நூல். இறுதியில், 'இப்பொருளை இதுவரை எவரும் ஆராயவில்லை' என்ற அறிவிப்பு. பட்டியலுக்கும் அறிவிப்புக்கும் இடையே யாதொரு தொடர்பும் இருப்பதில்லை.

முன்னாய்வு மதிப்பீடு என்பது படித்த நூல்களின் கணக்கன்று. ஒரு வினாவுக்கு முன்னோர் தந்த விடைகள் யாவை, எச்சான்றின்மேல் தந்தனர், எங்கே வேறுபட்டனர், எதனை விட்டுச்சென்றனர் என்று எடைபோடுவதே அது.

பல்சந்தமாலையை எடுத்துக்கொள்வோம். இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டதாக எண்ணப்படும் இதன் பாடல்களில் 8 மட்டுமே, களவியற் காரிகை உரையில் மேற்கோள்களாக நமக்கு எஞ்சியுள்ளன. இதன் காலத்தை 12ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். 14ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். ஆய்வாளர் ஒருவர், 'அறிஞர் பலரும் இவ்வாறே கூறுவர்' என்று பத்து நூல்களைச் சுட்டி ஒரு பக்கம் சாய்கிறார் எனக் கொள்வோம். அப்பத்தும் முன்னர் வந்த ஒரே நூலைப் பார்த்து எழுதப்பட்டவையாயின் அங்கிருப்பது பத்துச் சான்றன்று, ஒன்றே. அந்த 8 பாடல்களின் சொல்லையும் செய்தியையும் நேரில் ஆராய்ந்து காலம் கணித்தவர் யார், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னவர் யார் எனப் பிரித்துக் காட்டுவதே மதிப்பீட்டாளர் கடமை.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. எண்ணத்தைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழி உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ, யஹ்யா இப்னு ஸயீத் என ஒற்றை இழையாகவே வந்தது; யஹ்யாவுக்குப் பின்னரே மிகப் பலர் அதனை அறிவித்தனர். பிற்காலப் பெருக்கத்தைக் கண்டு ஹதீஸ் கலையினர் அதனை முதவாத்திர் எனக் கொண்டுவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவித்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தனர். அந்நபிமொழியின் உறுதி, அந்த நால்வரின் நம்பகத்தன்மையில் நிற்கிறதேயன்றிப் பின்வந்தோரின் தொகையில் இல்லை. இத்தகைய கலையைப் போற்றும் சமுதாயத்தின் ஆய்வேடுகள், 'பலரும் கூறுவர்' என்பதோடு அமைவது முறையாகுமா?

தேடும் எல்லையும் நம் கவனத்துக்குரியது. 1572இல் இயற்றப்பட்ட ஆயிர மசலாவைத் தமிழ் நூல்களை மட்டும் கொண்டு ஆராய்பவர், அதனைத் தனித்து நிற்கும் ஒரு படைப்பாகவே காண்பார். அதன் மூலக் கதை அரபியில் தோன்றிப் பல மொழிகளில் பரவியது. ஜாவானிய, மலாய், தமிழ் வடிவங்களை ரோனித் ரிச்சி ஒருசேர ஆராய்ந்து 2011இல் நூலாக வெளியிட்டார். இதனை அறியாமல் 'எவரும் ஒப்பிடவில்லை' என்று எழுதினால், முன்னவர் உழைப்பு மறைக்கப்படுகிறது. ஆய்வாளரின் உழைப்பும் வீணாகிறது. அறிந்து எழுதினாலோ, அந்த ஒப்பீட்டுக்குப் பின்னும் தமிழ் வடிவத்தின் யாப்பிலும் சொல்லாட்சியிலும் ஆராய வேண்டுவது என்ன என்ற கூர்மையான வினா பிறக்கும்.

ஆகவே இளம் ஆய்வாளர்க்கு நாம் சொல்வது இதுவே: ஆசிரியர் வரிசையில் எழுதாதீர்கள், வினா வரிசையில் எழுதுங்கள். காலம், மூலம், மொழி, பாடவேறுபாடு எனச் சிக்கல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உடன்படுவோரையும் மறுப்போரையும் எதிரெதிரே நிறுத்துங்கள். மறுக்கும் கருத்தை, அதனைச் சொன்னவரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாக முதலில் எடுத்துரையுங்கள். மூலத்தைப் பார்க்காமல் பிறர் மேற்கோளிலிருந்து எடுத்ததாயின் அதனை வெளிப்படையாகக் குறியுங்கள். இறுதியில், தீராமல் நிற்கும் வினாவைச் சுட்டி, அதுவே தம் ஆய்வின் வாயில் எனக் காட்டுங்கள்.

ம. மு. உவைஸ் 1953இல் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆங்கிலத்தில் நூலாக்கியபோது, எடைபோட அவர் முன் இருந்த ஆய்வுகள் மிகச் சில. இன்று நம்முன் இருப்பவை பல. அவரைப் பட்டியலின் முதற்பெயராக மட்டும் வைப்பது மரியாதை ஆகாது. அவர் கூற்றுகளைச் சான்றோடு உரைத்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி.