எண்ணிக்கையும் உரிமையும்: பூமணியின் ‘அஞ்ஞாடி’யை முன்வைத்து
பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) நாவலின் முக்கிய நிகழ்வுகளுள் ஒன்று 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம். கோயில் நுழைவுரிமை கோரிய நாடார்கள் நகருக்குள் பெரும்பான்மையினர். அவர்களுக்கு எதிராகத் திரண்ட சுற்றுவட்டார மக்களையும் சேர்த்து எண்ணினால் சிறுபான்மையினர். எல்லை மாறினால் பெரும்பான்மையும் மாறும் எனில், வழிபாட்டுரிமையை எண்ணிக்கையால் தீர்மானித்தல் பொருந்தாது. நாவலைச் சாதி வரலாற்று ஆவணமாக மட்டும் வாசிப்போர் இதனைத் தவறவிடுகின்றனர். பூமணி மையத்தில் வைப்பது எந்தச் சாதியின் வெற்றியையும் அன்று. பள்ளர் சாதி ஆண்டி, வண்ணார் சாதி மாரி ஆகியோரின் நட்பையே. அந்நட்பு ஊரின் ஒப்புதலை எதிர்பார்த்ததன்று. வரலாற்றுத் தகவல்கள் பெருகும் பிற்பகுதியில் அத்தனிமனிதர் குரல் தேய்வது குறையே. எனினும், திரளின் கணக்கிற்குள் அடங்காத உறவொன்றை அளவுகோலாக நிறுத்தியதே இந்நாவலின் அறம் எனலாம்.