அரைநாட் பள்ளியும் முனைவர் பட்டமும்

கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விழையும் ஆசிரியர்கள் நம் சபைகளிற் பெருகி வருவதை ஆயர்கள் அறிவர். பரிந்துரைக் கடிதம் வேண்டி வருவோருடைய ஆய்வுச் சுருக்கங்கள் பலவற்றை வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவற்றின் போக்கைப் பற்றிய மனக்குறையை இங்கே எழுதத் துணிகிறோம்.

‘மேனிலை மாணவரின் படிப்புப் பழக்கமும் தேர்ச்சியும்’, ‘ஆசிரியரின் பணிநிறைவும் மனப்பான்மையும்’ என்று, தலைப்புகள் பெரும்பாலும் இவ்வகையின. முந்நூறு பேருக்கு வினாநிரல் வழங்கி, விடைகளை எண்ணாக்கி, ஒன்றிற்கும் மற்றதற்கும் தொடர்புண்டு என்று முடிக்கிறார்கள். எண்ணுவது தீதென்று நாம் கூறவில்லை. ஆனால் அரசு ஒரு கொள்கையை ஏன் வகுத்தது, அது யாருடைய பிள்ளையை எங்கே கொண்டு நிறுத்தியது என்னும் கேள்வி அவற்றில் எழுவதேயில்லை. கல்விக் கொள்கை என்பது முன்னுரையில் 1986, 2020 என்ற இரண்டு ஆண்டுகளாய் வந்து மறைகிறது.

கிணத்துக்கடவுப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் வேறொரு கேள்வியோடு நம்மிடம் வந்தார். 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை அவர் ஆராய விரும்பினார். ஊர்ப்புறப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டு முறையாகப் பிரித்து, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பயிலச் செய்வது அத்திட்டம். புதிய கட்டடமும் கூடுதல் ஆசிரியரும் இன்றி இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். “ஐயா, எங்கள் பாட்டி அந்த அரைநாட் பள்ளியிற் படித்தவர். கவலைச் சாலுக்குத் தோல் தைக்கும் குடும்பம். மத்தியானத்தில் அவர் என்ன கற்றார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை” என்றார் அவர்.

இதனினும் சிறந்த ஆய்வுப் பொருளை நாம் கண்டதில்லை. ஏனெனில் அத்திட்டத்தைக் கல்வியறிவற்றோர் எவரும் வகுக்கவில்லை. செய்து கற்றல் என்னும் கோட்பாடு அதன் பின்னே இருந்தது. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் அதே திசையைச் சுட்டியதே. அரசு அமைத்த பருலேகர் குழுவும் திட்டம் தக்கதே என்றது. கோட்பாட்டளவில் அதிற் குறை காண்பது அரிது. ஆனால் தந்தையின் தொழில் என்பது நம் சிற்றூர்களில் சாதியின் மறுபெயர் என்பதைக் குழுவினரினும் ஊரார் நன்கறிந்திருந்தனர். 1954 மே மாதத்தில் காமராஜர் அமைச்சரவையின் கல்வி அமைச்சர் திட்டத்தைக் கைவிட்டார். அவ்வமைச்சர் இதே சாலையில் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்திற் பிறந்த சி. சுப்பிரமணியம் என்பதையும், இராஜாஜியின் அமைச்சரவையிலும் அவர் இருந்தவர் என்பதையும் சேர்த்து நோக்குக. வல்லுநரின் கோட்பாடு எங்கே, எப்படித் தவறுகிறது என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் சான்று கொங்கு நாட்டு மாணவருக்கு வேறெங்கே கிடைக்கும்?

நெறியாளரோ இப்பொருளை ஏற்கவில்லை. “முதியோரின் நினைவை எப்படி அளப்பீர்கள்? அது வரலாற்றுத்துறை வேலை” என்றாராம். வரலாற்றாசிரியர் தே. வீரராகவன் இத்திட்டத்தைப் பற்றித் தனிநூலே எழுதியிருப்பது மெய்தான். அது கல்வியியலாருக்கு வெட்கமேயன்றி விலக்கு அன்று. கோத்தாரி குழுவின் செயலாளராயிருந்த ஜே. பி. நாயக், தாம் வரைந்த அறிக்கை ஏன் நிறைவேறவில்லை என்பதைத் தாமே ஆராய்ந்து எழுதினார். அந்நூல் 1982இல் வெளிவந்தது. கொள்கைத் திறனாய்வு என்பது அத்தகையது. மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் தருகின்றன. முந்நூறு வினாநிரல்களைக் கூட்டிக் கழிக்கவா ஆறு ஆண்டு?

பிறரை மட்டும் குறைகூறி நாம் நழுவ இயலாது. 1953இல் கோயமுத்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் மானியம் பெற்றுத் தொடக்கப் பள்ளி நடத்தியோருள் திருச்சபையும் ஒன்று. அவ்வாண்டில் நம் பள்ளிகள் மணியைக் குறைத்தபோது நம் மேலாளர்கள் என்ன கருதினர், என்ன எழுதினர்? வருகைப் பதிவேடுகளும் ஆய்வாளர் குறிப்பேடுகளும் பல சபைகளின் அலமாரிகளிற் கிடந்தன. நாம் முன்பு ஊழியஞ்செய்த ஒரு சபையில் அவ்வலமாரியைத் திறந்தபோது கறையான் மண்ணே மிஞ்சியிருந்தது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் உள்ள ஆயர்கள் தத்தம் அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்களாக. எது கிடைப்பினும் இவ்விதழின் முகவரிக்கு எழுதினால் அவ்வாசிரியையிடம் சேர்ப்பிப்போம்.

அவர் இப்போது படிப்புப் பழக்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறார்; பட்டம் வேண்டுமே. சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எண்பது வயதானவர்களைத் தேடிச் செல்கிறார். இதுவரை ஏழு பேரைக் கண்டிருக்கிறார். அவர்களில் இருவர் சென்ற ஆண்டில் இறந்துபோயினர்.